சேறு என்ன கலர்? வயக்காடு வரையறவன்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

ரங்கூன்லருந்து ஆத்தைத் தாண்டி தன்லின் பக்கம், பழைய ஆளுங்க சிரியம்னு சொல்லுவாங்களே அங்க, ஒரு கிராமத்துல இருந்துகிட்டு வாட்டர் கலர்ல வயக்காடு வரையறதுதான் என் பொழப்பு, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. படம் வாங்க வர்றவங்க, மெட்ராஸ்லருந்து சொந்தக்காரங்களைத் தேடி வர்றவங்க, கோயில்ல பாக்கறவங்க, கத்துக்கணும்னு வர்ற புள்ளைங்க, எல்லாருமே சுத்திச் சுத்தி இதே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா டீக்கடைல உக்காந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். என் தமிழ் கோயில் வகுப்புல படிச்ச தமிழ், தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்கோங்க.

கேள்வி: நீங்க தமிழரா, பர்மாக்காரரா?

ரெண்டும்தான். பாட்டனாரோட அப்பா நடவு அறுப்பு வேலைக்கு கப்பல்ல வந்தவரு. 1964ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப பெரியப்பா குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போயிடுச்சு, எங்க அப்பா போகல, ஏன்ப்பா போகலன்னு கேட்டா மாடு சினையா இருந்துச்சுடான்னு சொல்லுவாரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. வீட்டுல தமிழ், வெளிய பர்மா பாஷை, கலர் டியூப் மேல இங்கிலீஷ்.

கேள்வி: ஏன் வாட்டர் கலர்? ஆயில் பெயின்டிங்னா மதிப்பு ஜாஸ்தியாமே?

மதிப்பு ஜாஸ்திதான், செலவும் ஜாஸ்தி. நான் ஆரம்பிச்சப்ப கையில இருந்த காசுக்கு பன்னெண்டு கலர் டப்பா ஒண்ணும் ஒரே ஒரு பிரஷும்தான் வாங்க முடிஞ்சுது. உண்மையான காரணம் அதுதான், மத்ததெல்லாம் பின்னாடி நானே கண்டுபிடிச்சுக்கிட்ட காரணம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த நாட்டுல வாட்டர் கலர்னா யாரும் அதை சின்னப்புள்ளைங்க சமாச்சாரமா பாக்க மாட்டாங்க. 1855ல கல்கத்தாலருந்து பர்மா ராஜா மிண்டோனைப் பாக்க ஒரு தூது கோஷ்டி வந்துச்சு, அதுல கோல்ஸ்வொர்தி கிராண்ட்னு ஒருத்தர் ஐராவதி ஆத்துக் கரை நெடுக வாட்டர் கலர்ல வரைஞ்சுகிட்டே போனாரு. அப்புறம் டால்பட் கெல்லின்னு ஒரு இங்கிலீஷ்காரர் வந்து ஊர் ஊரா சுத்தி வரைஞ்சாரு, அந்தப் படங்க 1905ல லண்டன்ல புஸ்தகமாவே வந்துச்சு. ரங்கூன்ல வேலை பாத்த வெள்ளைக்காரங்க பர்மா ஆர்ட் கிளப்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, வேலைக்கு நடுவுல ஆசைக்கு வரையறவங்களுக்கு தூக்கிட்டுப் போக சுலபமா இருந்தது வாட்டர் கலர்தான், அதைப் பாத்து நம்மாளுங்களும் புடிச்சிக்கிட்டாங்க. அதுல பெரிய பேரு ஊ பா ஞான். ஐராவதி டெல்டால பந்தனோங்கற ஊர்ல 1897ல பொறந்தவரு, 1921ல லண்டன் போய் படிச்சிட்டு வந்தாரு, ஆயிலை இங்க நிலைநாட்டுனதே அவருதான்னு சொல்லுவாங்க, ஆனா அவரோட வாட்டர் கலர் ஒண்ணை ஒரு பெரியவர் வீட்டுல பக்கத்துல நின்னு பாத்தேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆத்துல நிக்கற படகு, அதோட நிழலு, ஒரே இழுப்பு. திரும்பத் தொட்ட தடமே இல்ல. அதே காலத்துல ஊ பா ஸோன்னு ஒருத்தர், அவரும் லண்டன்ல படிச்சவருதான், வாட்டர் கலர்லயே நின்னவரு, 1942ல தவறிட்டாரு. பா ஞான் 1945ல. ரெண்டு பேரும் யுத்த காலத்தை ஒட்டியே போயிட்டாங்க பாருங்க. தவாயில பொறந்த ஊ ங்வே கைங் மட்டும் 1967 வரைக்கும் இருந்து ரெண்டு மீடியத்துலயும் வரைஞ்சாரு.

கத்துக்கணும்னு வர்ற புள்ளைங்க யூட்யூப்ல ஐரோப்பாக்காரங்க வீடியோவையே பாக்குதுங்க. அங்க இருக்கற மலையும் வெயிலும் வேற. முதல்ல பா ஞான் படத்தைத் தேடிப் பாருங்கடான்னு சொல்லுவேன். நம்ம மழை, நம்ம ஆறு, அவரு ஏற்கனவே போட்டு காமிச்சிருக்காரு.

கேள்வி: மழைக்காலத்துல எப்படி வரையறீங்க? காயவே காயாதே?

காயாது. இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க, இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா சொல்லணும்.

மெட்ராஸ்ல வருஷம் பூரா பெய்யறது சுமாரா 1400 மில்லிமீட்டர். ரங்கூன் பக்கம் சுமாரா 2700, அதுவும் முக்காவாசி மே நடுவுலருந்து அக்டோபருக்குள்ள கொட்டித் தீத்துடும். மௌல்மெயின் பக்கம் போனா அது அஞ்சாயிரத்துக்கிட்ட. காத்துலயே தண்ணி நிக்கும், சுவத்துல கை வச்சா ஈரம், துணி மூணு நாளானாலும் காயாது, அப்ப பேப்பர் மட்டும் எப்படி காயும்?

மாசி மாசத்துல நான் ஒரு வானம் போட்டேன்னா ரெண்டு நிமிஷத்துல காஞ்சு போயிடும், ஓரம் எல்லாம் கோடு கோடா நிக்கும், ஓடி ஓடி வரையணும். அதே வானத்தை ஆடி மாசத்துல போட்டா ஒரு மணி நேரம் ஆனாலும் ஈரம் மினுமினுன்னு நிக்கும். புதுசா வர்றவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க, காஞ்சிடுச்சுன்னு நெனச்சு பாதி ஈரத்துல இன்னொரு தடவை பிரஷ் வைப்பாங்க, உடனே அந்தத் தண்ணி பழைய கலரைத் தள்ளிக்கிட்டுப் போய் ஓரம் ஓரமா சுருண்டு காலிஃப்ளவர் மாதிரி நிக்கும். காலிஃப்ளவர்னே அதுக்குப் பேரு. அதை ஒண்ணும் பண்ண முடியாது, மரம்னு சொல்லி சமாளிக்கலாம் அவ்வளவுதான்.

என் வழி என்னன்னா, பொறங்கையை பேப்பர் மேல லேசா வச்சுப் பாப்பேன். சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு, தொடக் கூடாது. கண்ணுக்கு காஞ்ச மாதிரிதான் தெரியும், கண்ணை நம்பக் கூடாது. ஒரே நேரத்துல மூணு படம் வச்சுக்குவேன், ஒண்ணு காயற நேரத்துல இன்னொண்ணுல வேலை, நடவுல ஒரு வயல்ல தண்ணி வடியற வரைக்கும் அடுத்த வயலுக்குப் போவாங்கல்ல அந்த மாதிரி.

ஹேர் டிரையர் வச்சு காய வைக்கலாமேன்னு சொல்லுவீங்க. கரண்ட் இருந்தா வைக்கலாம். கரண்ட் போன நாளுல கரி அடுப்பைப் பத்த வச்சு, ரெண்டு முழம் மேல பேப்பரைப் பிடிச்சுக் காட்டுவேன். ஒரு தடவை சாம்பல் பறந்து ஈர வானத்துல புள்ளி புள்ளியா ஒட்டிக்கிச்சு, தட்டுனா கலரோட வந்துடும், சரி போகட்டும்னு விட்டுட்டேன், வாங்க வந்த ஜெர்மன்காரர் பறவைங்க ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. நான் ஒண்ணும் சொல்லல.

கேள்வி: உங்க படத்துல எல்லாம் சேறுதான் இருக்கு, ஏன்?

எங்க ஊருல எல்லாம் சேறுதான் இருக்கு, அதனாலதான்.

இல்ல, சும்மா சொல்லல. சேறு என்ன கலர்னு யார்கிட்ட வேணா கேளுங்க, பிரவுன்னு சொல்லுவாங்க. பிரவுன் டியூபைப் பிதுக்கி அப்பிடுவாங்க, படம் செத்துப் போயிடும். காஞ்ச மண்ணுதான் பிரவுனு. நடவுக்கு உழுது பரம்படிச்சு விட்ட சேறு இருக்கே, அது மேல ஒரு விரல் உயரத்துக்கு தண்ணி நிக்கும், அந்தத் தண்ணில வானம் விழும். அப்ப நீங்க பாக்கறது வானத்தோட கலரைத்தான், அடியில மண்ணு கொஞ்சமா எட்டிப் பாக்கும். மேகம் கறுத்தா சேறும் கறுக்கும், சாயங்காலம் மேக்கால ஒரு ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்துச்சுன்னா சேறு வெள்ளிக்காசு மாதிரி ஆயிடும், ரெண்டு நிமிஷம்தான், அப்புறம் போயிடும்.

போன ஆடில போட்ட ஒண்ணை மட்டும் எப்படிப் போட்டேன்னு சொல்றேன். வரப்பு மேல சாக்கு விரிச்சு உக்காந்தேன், மேல தார்ப்பாய். முதல்ல பேப்பர் பூரா சுத்தத் தண்ணி. அப்புறம் அல்ட்ராமரைன்ங்கற நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்து ஒரு சாம்பல், இந்த ரெண்டும் சேந்தா அருமையான மேகம் வரும், நீலத்தைத் தூக்குனா மழை மேகம், சியன்னாவைத் தூக்குனா தூசி மேகம். அந்த சாம்பலை மேல ஊத்தி போர்டை சாச்சுப் பிடிச்சேன், தானா எறங்கி வந்துச்சு. அடிவானத்துல ஒரு விரல் அகலத்துக்கு பேப்பரை வெறுமையா விட்டேன். அப்புறம் அதே தட்டுல மிச்சம் இருந்த அதே சாம்பல்தான் சேத்துக்கும், புதுசா கலக்கல, அதுல ரா அம்பர்ங்கற பழுப்பு ஒரு சொட்டு மட்டும். மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரே தண்ணிங்கறது அப்பதான் படத்துல தெரியும். வரப்புங்க மட்டும் காஞ்சதுக்கு அப்புறம் கெட்டியா, ஓரம் கூர்மையா. நடவு நடற பொம்பளைங்க ஏழு பேரு, எல்லாருக்கும் முதுகுதான் தெரியுது, தலைல மூங்கில் தொப்பி, பர்மால கமௌக்னு சொல்லுவாங்க, அந்தத் தொப்பி ஏழும் வெறும் பேப்பர், கலரே இல்ல. அவங்க கால் இருக்கற எடத்துல ஈரம் இருக்கும்போதே ஒரு கறுப்புப் புள்ளி வச்சேன், அது தானா கீழ எறங்கி நிழலாயிடுச்சு. அல்ட்ராமரைனுக்கு ஒரு குணம் உண்டு, அதோட துகள் கனம், பேப்பர் குழில போய் குருணை குருணையா உக்காரும். நீலமா தெரியாது, மணல் மாதிரி தெரியும். சேத்துக்கு அதை விட வேற என்ன வேணும்.

இதை வித்தப்ப வாங்குனவரு கேட்டாரு, இவ்வளவு வெறும் எடம் இருக்கே, ஒரு பயா போட்டிருக்கலாமேன்னு. பயான்னா பகோடா, புத்தர் கோயில் கோபுரம்.

கேள்வி: ஏன் பகோடா, பகான் ஊர் பழைய கோயிலுங்க, சாமியார் குடை பிடிச்சுப் போறது, இதெல்லாம் வரையறதில்ல?

வரைஞ்சிருக்கேன். வயித்துப் பொழப்புக்கு நாலு வருஷம் அதைத்தான் வரைஞ்சேன். போஜோ மார்க்கெட், அதான் பழைய ஸ்காட் மார்க்கெட், அங்க போய்ப் பாருங்க, இன்லே ஏரில ஒத்தைக் கால்ல துடுப்பு போடற மீன்காரர், ஊ பெய்ன் பாலம் சூரியன் சாயற நேரம், பகான் மேல பலூன், சின்ன சாமியாருங்க வரிசை, ஒரே கையி வரைஞ்ச மாதிரி ஆயிரம் இருக்கும். நான் ஒரு நாளைக்கு ஆறு பாலம் போட்டிருக்கேன். ஊ பெய்ன் பாலம் மண்டலே பக்கத்துல அமரபுரால இருக்கு, தேக்கு மரம், கிலோமீட்டருக்கு மேல நீளம், அந்தக் கால் தூணுங்களை கண்ணை மூடிக்கிட்டு போடுவேன், ஆனா அப்ப நான் அந்தப் பாலத்தை நேர்ல பாத்ததே கிடையாது. அது உறுத்திச்சு. விட்டுட்டேன்.

வரையறவங்களை குறை சொல்லல, அவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும். தங்கப் பகோடாவை வாட்டர் கலர்ல போடறது லேசு இல்லங்கறதையும் சொல்லிடறேன். கோல்டு பெயின்டை எடுத்துப் பூசுனா பித்தளைச் சொம்பு மாதிரி ஆயிடும். எல்லோ ஆக்கர்ங்கற மண்ணு மஞ்சள், நிழல்ல பர்ன்ட் சியன்னா, வெயில் படற எடத்துல வெறும் பேப்பர், பக்கத்துல வானத்தை கொஞ்சம் ஊதாவா இருட்டு பண்ணா தானா தங்கம் மின்னும்.

கேள்வி: நெல்லுப் பச்சை எப்படி கொண்டு வர்றீங்க? எனக்கு பிளாஸ்டிக் மாதிரி வருது.

டியூப் பச்சையை நேரா எடுத்தா பிளாஸ்டிக்தான் வரும். பச்சை டியூபை தூக்கிப் போடுங்க, இல்ல தங்கச்சிக்கு குடுங்க.

நெல்லுல ஒரு பச்சை கிடையாது. நாத்தங்கால்ல இருக்கற பச்சை மஞ்சள் ஏறினது, கண்ணு கூசும். அதையே புடுங்கி நட்டா பத்து நாளைக்கு சொரணை கெட்டு வெளுத்து நிக்கும், அதை யாரும் வரையறதே இல்ல, ஆனா எனக்கு அதுதான் புடிக்கும். வேர் புடிச்சதும் நீலம் ஏறும். கதிர் வந்ததும் திரும்ப மஞ்சள். கார்த்திகைல அறுப்பு நேரத்துல பச்சையே இல்ல, எல்லாம் ஆக்கர். எந்த மாசம்னு தெரியாம வரைஞ்ச வயலை விவசாயிகிட்ட காட்டுனா சிரிப்பான், எங்க மாமா சிரிச்சிருக்காரு, இதென்னடா ஆவணில கதிர் வந்திருக்குன்னு.

நான் கலக்கறது கேம்போஜ் மஞ்சளும் அல்ட்ராமரைனும், துளி பர்ன்ட் சியன்னா போட்டு அடக்கிடுவேன். கேம்போஜ்ங்கறது கம்போடியாங்கற பேருலருந்து வந்தது, நம்ம கொடம்புளி ஜாதி மரத்துல வர்ற பிசின். பழைய காலத்துல அந்தப் பிசினையேதான் கலரா கரைச்சாங்க, வாயில பட்டா பேதியாகும், வெயில்ல வெளுக்கும். இப்ப டியூப்ல நியூ கேம்போஜ்னு வர்றது வேற ரசாயனம், பேரு மட்டும்தான் பழசு, அதனால பயப்பட வேணாம். ஆனாலும் பிரஷ்ஷை வாயில வச்சு நுனி கூராக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, எங்க சாயாகிட்ட அந்தப் பழக்கம் இருந்துச்சு, பல்லெல்லாம் நீலமா இருக்கும்.

கேள்வி: சாயான்னா யாரு?

வாத்தியார்னு அர்த்தம், பர்மா வார்த்தை. எனக்கு சொல்லிக் குடுத்தவரு பர்மாக்காரர், சினிமா பேனர் எழுதறவரு. ஞாயித்துக்கிழமைல ஆத்தோரம் கூட்டிட்டுப் போவாரு. முதல் ஆறு மாசம் கலரே குடுக்கல, டீக்கறைதான், ஆறிப்போன கறுப்பு டீல வரைய வச்சாரு. வெளிச்சம் இருட்டு தெரியாதவனுக்கு கலர் எதுக்குன்னு கேப்பாரு.

கேள்வி: வெள்ளை பெயின்ட் பயன்படுத்தறது தப்பா?

வெள்ளை வேணும்னா பேப்பரைத்தான் வெறுமையா விடணும், பெயின்ட் போட்டா தப்புன்னு சில பேரு சண்டைக்கே வருவாங்க. லண்டன் கம்பெனி வின்சர் அண்ட் நியூட்டன் 1834லயே சைனீஸ் ஒயிட்னு துத்தநாக வெள்ளை விட்டாச்சு, அன்னிலருந்து பெரிய பெரிய ஆளுங்களே போட்டிருக்காங்க. நான் கொக்குக்கு மட்டும் போடுவேன். வரப்புல எங்க கொக்கு உக்காரும்னு முன்கூட்டியே தெரிஞ்சு பேப்பரை விட்டு வைக்கறதுக்கு நான் என்ன ஜோசியக்காரனா?

பேப்பர்ல கலர் ஒட்டாம மறைச்சு வைக்கற மாஸ்கிங் ஃப்ளூயிட் கேக்கறாங்க, அது ரப்பர் பாலும் அம்மோனியாவும்தான். சூட்டுல சீக்கிரம் கெட்டியாயிடும், பழைய பிரஷ்லதான் தொடணும், நல்ல பிரஷ்ஷை அதுல விட்டா அதுக்கு கருமாதிதான்.

கேள்வி: வாட்டர் கலர் படம் வெளுத்துடுமாமே?

கலரைப் பொறுத்தது. மண்ணு கலருங்க, ஆக்கர், சியன்னா, அம்பர், இதெல்லாம் உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும், அல்ட்ராமரைனும் நிக்கும். சிவப்பு, ரோஸ்ல ஏமாத்துக்காரங்க உண்டு. அலிசரின் கிரிம்சன் வெயில்ல மெதுவா போயிடும், டியூப் மேல பி ஆர் 83னு போட்டிருந்தா அதான் அது, அதுக்குப் பதிலா குவினாக்ரிடோன் வகை வாங்கலாம். ஓபரா பிங்க்னு ஒண்ணு இருக்கு, பாத்தா ஜிவ்வுன்னு இருக்கும், அதுல கலந்திருக்கற மினுமினுப்புச் சாயம் நிக்காது.

இது எனக்கு அனுபவம். இங்க பெண் துறவிங்க ரோஸ் உடுப்புதான் போடுவாங்க, ஆம்பள சாமியாருங்க கருஞ்சிவப்பு, இந்தியால நெனக்கற மாதிரி காவி இல்ல. ஒரு தடவை காலைல பிச்சைக்கு வரிசையா வர்ற பெண் துறவிங்களை பன்னெண்டு பேரா ஓபரால போட்டேன், அவ்வளவு அழகா வந்துச்சு. டவுன்ல ஒரு கடைல விக்கக் குடுத்தேன், அவங்க கண்ணாடி ஜன்னல்ல நேர் வெயில்ல மாட்டி வச்சுட்டாங்க, எட்டு மாசம் கழிச்சுப் போறேன், பன்னெண்டு பேரும் வெள்ளைச் சேலைல நிக்கறாங்க, தாலியறுத்த வீட்டு ஊர்வலம் மாதிரி. கடைக்காரரு பேப்பர் சரியில்லன்னு என்னைத் திட்டறாரு, நான் வெயில்ல ஏன் மாட்டுனீங்கன்னு அவரைத் திட்டறேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு, எம்மேல கொஞ்சம் ஜாஸ்தி. வாங்குனவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன், ஜன்னலுக்கு எதுத்த சுவத்துல மாட்டாதீங்க, ஜன்னல் இருக்கற சுவத்துலயே மாட்டுங்க.

கேள்வி: என்ன பேப்பர், என்ன பிரஷ்? லிங்க் அனுப்புங்க.

லிங்க் எல்லாம் இல்ல, யாராவது பாங்காக்லருந்தோ மெட்ராஸ்லருந்தோ வரும்போது கெஞ்சி வாங்கிட்டு வரச் சொல்றதுதான். பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 300 ஜிஎஸ்எம் கனம், முழு பருத்தி. மரக்கூழ் பேப்பர்ல கலர் மேலயே நிக்கும், நம்ம மழைல அது அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். பிரஷ் பெருசா ஒண்ணு, நுனி கூரா நடுத்தரமா ஒண்ணு, போதும். கலர் இந்தியா கம்பெனி கேமல்ல ஆரம்பிச்சா குடி முழுகிப் போயிடாது.

பேப்பரை வைக்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பேப்பர் மேல ஜெலட்டின் மாதிரி ஒரு பசை தடவி இருப்பாங்க, அது இருந்தாத்தான் கலர் உள்ள உறிஞ்சாம மேல ஓடும். நம்ம ஊர் ஈரத்துல அந்தப் பசைய பூஞ்சை தின்னுடும், பாக்க ஒண்ணும் தெரியாது, பிரஷ் வச்சதும் அங்கங்க திட்டு திட்டா மை உறிஞ்சற பேப்பர் மாதிரி உறிஞ்சும். வானம் போட்ட பிறகுதான் தெரியும். எங்க வீட்டுக்காரம்மா ஒரு வழி பண்ணாங்க, அரிசியை வறுத்து துணில முடிஞ்சு பிஸ்கட் டின்ல பேப்பரோட போட்டு மூடுவாங்க, அது ஈரத்தை இழுத்துக்கும், மாசம் ஒரு தடவை திரும்ப வறுக்கணும். வறுக்க மறந்தா அந்த அரிசில பூச்சி வரும், அப்புறம் பூச்சி படத்துல வரும்.

தேன் கலந்த கலர் வாங்காதீங்க, ஐப்பசி வரைக்கும் காயாது, எறும்பு வரிசை கட்டி வரும். தட்டை மூடறதுக்கு முன்னாடி நல்லா காய விடுங்க, இல்லன்னா ஒரு வாரத்துல பூசணம் புடிச்சிடும்.

கேள்வி: ஃபோட்டோ பாத்து வரையலாமா?

வரையலாம், யாரு தடுக்கறா. ஆனா ஃபோனு மழைக்கால வானத்தை வெள்ளையாக்கும், இல்ல நெலத்தை கறுப்பாக்கும், ரெண்டையும் ஒண்ணா காட்டாது. சேறும் வானமும் ஒரே கலருன்னு சொன்னேனே, அது ஃபோட்டோல தெரியாது. ஆளுங்க நிக்கற நிலைக்கு, மாட்டு வண்டி சக்கரம் எங்க இருக்குங்கறதுக்கு பாத்துக்குவேன், கலருக்கு பாக்க மாட்டேன்.

கேள்வி: எங்க பாட்டி பர்மாவுல பொறந்தவங்க. அவங்க வீட்டை வரைஞ்சு தர முடியுமா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுலருந்து நெறைய வருது. 64ல போனவங்களோட பேரன் பேத்திங்க. ஃபோட்டோ இருக்காது, ஊர் பேரு பாதி நேரம் பழைய பேரா இருக்கும், பெகுன்னா பகோ, புரோம்னா பியேன்னு நான் மாத்திப் பாத்துக்கணும். பாதி வீடு இருக்காது, மரவீடு எவ்வளவு நாள் நிக்கும்.

ஒரு அம்மா, எண்பது வயசுக்கு மேல, வீடியோ கால்ல சொல்லிச் சொல்லி வரைய வச்சாங்க. தொங்கட்டான் வச்ச தேக்கு வீடு, கால் மேல நிக்கும், படிக்கட்டு ஏழு, கீழ நெல்லு மூட்டை, பின்னாடி தனியா சமையக்கட்டு, குடிக்க வர்றவங்களுக்கு வாசல்ல பானைத் தண்ணி. இங்க இன்னிக்கும் எல்லா தெருவுலயும் வழிப்போக்கருக்கு பானை வச்சிருப்பாங்க, அதைக் கேட்டதும் அந்த அம்மா ஃபோனைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எடுத்தாங்க. நான் அந்த எடத்துக்குப் போய்ப் பாத்தேன், இப்ப அங்க மோட்டார் ரிப்பேர் கடை, ஆனா கிணறு இருக்கு, உறையோட. வரைஞ்சு அனுப்புனேன். கிணறு கிழக்கால இல்லப்பா வடக்காலன்னாங்க. நான் கிணத்தைப் பாத்துட்டு வந்திருக்கேன், கிழக்காலதான் இருக்கு. சொன்னேன். கேக்கல. அப்ப வீட்டைத்தான் திருப்பணும்னு புரிஞ்சுது, வாசலு நான் நெனச்ச பக்கம் இல்ல, ரோடு பின்னாடி வந்தது. ரெண்டாவது தடவை வரைஞ்சேன். இப்ப சமையக்கட்டு கிட்டத்துல வந்துடுச்சுன்னாங்க. மூணாவது தடவை ஒத்துக்கிட்டாங்க, பணமும் அனுப்பிட்டாங்க, ஆனா அவங்க மகன் சொல்றாரு, பலாமரம் சின்னதா இருக்குன்னு இன்னமும் தினம் ஒரு தடவை என்னைத் திட்டறாங்களாம்.

அதனால கேக்கறவங்க பாட்டியோட உக்காந்து முதல்லயே திசை கேட்டு எழுதிக்கோங்க. வாசல் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், காலைல வெயில் எந்தச் சுவத்துல விழும். மீதி நான் பாத்துக்கறேன்.

கேள்வி: உங்க பழைய படங்க, 2008க்கு முன்னாடி வரைஞ்சது, ஏதாவது இருக்கா?

என்கிட்ட இல்ல. 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல்ல கூரை போயிடுச்சு, டின்னோட போச்சு. டெல்டா பக்கம் லட்சத்துக்கு மேல ஜனங்க போன புயல் அது, நான் பேப்பர் போச்சுன்னு சொல்றதே கூச்சமா இருக்கு. யார் வீட்டுலயாவது பழசு மாட்டியிருந்தா வித்துடாதீங்க, ஒரு ஃபோட்டோ மட்டும் அனுப்புங்க.

கேள்வி: விலை என்ன?

டாலர் ஏறி இறங்கறதுல இன்னிக்கு சொன்னது நாளைக்கு நிக்காது. நேர்ல கேளுங்க. சேத்துப் படம் பகோடா படத்தை விட விலை ஜாஸ்தி, அதுல பேரம் கிடையாது.

கேள்வி: ஒரு நாள் உங்களோட வந்து வரையலாமா?

வரலாம், தம்பி தங்கச்சிங்க யார் வேணா வரலாம், காசு வேணாம், மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு, கருவாட்டுக் குழம்பு புடிக்காதவங்க முன்னாடியே சொல்லிடுங்க. ரங்கூன்லருந்து தன்லின் பஸ் ஏறி, பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் பக்கம் எறங்கி ஃபோன் பண்ணா பையனை அனுப்புவேன். ஆடி ஆவணில வாங்க, கார்த்திகைல வந்தா எல்லாம் காஞ்சு அழகா இருக்கும், ஆனா எனக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. குடை வேணாம், காத்துல பறந்துடும், தார்ப்பாய் இருக்கு. செருப்பு கழட்டி வரப்புலயே வச்சுடுங்க. போன வருஷம் மலேசியாலருந்து வந்த ஒரு சாரு நல்ல ஷூவோட எறங்கிட்டாரு, காலு வந்துச்சு, ஷூ வரல, நாலு பேரு கைய விட்டுத் துழாவிப் பாத்தோம், அது இன்னும் உள்ளதான் இருக்கு, அது மேல ரெண்டு போகம் அறுத்தாச்சு.